தண்ணீர் நிற்காத கால்வாய்: அயர்லாந்தின் காங் கிராமம்

கேள்வி: “அயர்லாந்தின் மேற்குப் பக்கம் போனபோது காங் என்ற கிராமத்தில் ஒரு மணி நேரம் இறங்கினோம். பழைய ஹாலிவுட் படத்துக்கு ஒரு சிலை, ஒரு இடிந்த மடம், சொட்டுத் தண்ணீர் இல்லாத பெரிய கால்வாய். வழிகாட்டி சினிமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கால்வாயின் கதை என்ன? இந்த ஊருக்கு வேறு வரலாறு கிடையாதா?”

கால்வாய் உங்கள் கண்ணில் பட்டதே, அதில் பாதி விடை இருக்கிறது. காங் வருகிறவர்களில் பெரும்பாலோர் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நான் இருப்பது கால்வே நகரில். காங் இங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். (கால்வேயில் இருந்துகொண்டு கால்வாயைப் பற்றி எழுதுவது நாக்குக்கு ஒரு சோதனை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நடப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பத்து முறை போன பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்த ஊரின் மடம், மீன், புராணம், தோற்றுப்போன பொறியியல் என எதைத் தொட்டாலும் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி. காரிப் ஏறக்குறைய 176 சதுர கிலோமீட்டர். அயர்லாந்துக் குடியரசில் அதைவிடப் பெரிய ஏரி இல்லை. மாஸ்க் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நிலக்கழுத்து. அந்தக் கழுத்தின் தென்கோடியில், மேயோ மாவட்டத்தின் விளிம்பில் காங் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் கால்வே மாவட்டம். ஐரிஷ் மொழியில் ஊரின் பெயர் குங்கா. ஒடுங்கிய நிலம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கற்பனைக்கு அதிகம் செலவழிக்கவில்லை.

மாஸ்க் ஏரியின் நீர்மட்டம் காரிப்பைவிடப் பத்து மீட்டர் போல உயரம். அப்படியானால் மேலேயிருந்து கீழே ஓர் ஆறு ஓட வேண்டும் அல்லவா? ஓடவில்லை. மலைகளிலிருந்து இத்தனை ஓடைகள் மாஸ்க்கில் வந்து விழுகின்றன, ஆனால் ஏரியை விட்டுத் தரைமேல் வெளியேறும் இயற்கையான ஆறு ஒன்றுகூட இல்லை. காரணம் பாறை. கிழக்கே பரந்து கிடக்கும் சமவெளி முழுவதும் சுண்ணாம்புக்கல். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. மழைநீரில் கரைந்திருக்கும் சிறிதளவு அமிலம் போதும், அந்தக் கல் விரிசல் விரிசலாகக் கரைந்துகொண்டே போகும். விரிசல் பொந்தாகும், பொந்து குகையாகும். மாஸ்க் ஏரியின் தென்கரையில் இப்படிப்பட்ட வாய்கள் தண்ணீரை விழுங்குகின்றன. விழுங்கிய தண்ணீர் நிலத்தடியில் நடந்து காங் ஊருக்குள் வந்து பொங்கி வெளியேறுகிறது. அந்த இடத்துக்கே ‘நீர் எழும் இடம்’ என்றுதான் பெயர். மலையோ மடுவோ இல்லாத தட்டையான தரையில், ஒரு சுவர் ஓரத்தில், முழு ஆறு ஒன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிறந்து புறப்படுவதை நின்று பார்க்கலாம். அங்கிருந்து காரிப் வரை அதற்கு ஆயுள் மிகக் குறைவு. நடந்தே ஆற்றின் பிறப்பையும் இறப்பையும் பார்த்துவிடலாம்.

இனி உங்கள் கால்வாய்.

1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அயர்லாந்தின் ஏழைக் குடியானவர்களுக்குச் சோறு என்றால் அந்தக் கிழங்குதான். அதிலும் மேற்குக் கரையோர மேயோ மிக மோசமாக அடிபட்டது. 1841 கணக்கெடுப்பில் மேயோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,89,000. பத்தே ஆண்டில் அது 2,74,000 ஆனது. செத்தவர்கள் பாதி, கப்பலேறியவர்கள் மீதி என்று சொல்லிவிடலாம். ஆனால் கப்பலேறியவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை.

சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்போம் என்பது அன்றைய அரசின் கொள்கை. அந்தக் கொள்கையில் பிறந்த வேலைகளில் ஒன்றுதான் 1848-இல் தொடங்கிய காங் கால்வாய். ஏரிகளைச் சுற்றிய நிலங்களின் வெள்ளத்தை வடிய வைப்பது ஒரு நோக்கம். மாஸ்க்கையும் காரிப்பையும் இணைத்து, கால்வே துறைமுகம் வரை படகு ஓட்டுவது இன்னொரு நோக்கம். காகிதத்தில் நல்ல திட்டம்தான். பசித்த வயிற்றோடு ஆட்கள் பாறையைக் கையால் உடைத்தார்கள். ஆறு வருடம் வேலை நடந்தது.

ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படிச் சொல்வார்கள்: கால்வாயைத் திறக்கும் நாளில் கூட்டம் கூடியிருந்தது, பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள், மாஸ்க்கிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், அத்தனை தண்ணீரும் எல்லோர் கண்முன்பாகவும் தரைக்குள் இறங்கி மறைந்துவிட்டது! அருமையான கதை. உங்கள் வழிகாட்டி வாய் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்படியொரு திறப்பு விழா நடக்கவே இல்லை. வேலை முடியும் முன்பே, 1854-இல், நிறுத்திவிட்டார்கள். பாறை ஒழுகும் என்பது வெட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அடியை அடைத்துப் பூசினால் சரிசெய்யலாம், அதற்குப் பணம் வேண்டும். அதற்குள் 1851-இல் டப்ளினிலிருந்து கால்வேக்கு ரயில் வந்துவிட்டது. ரயில் வந்த பிறகு ஏரியில் சரக்குப் படகு ஓட்டி யாருக்கு என்ன லாபம்? கணக்குப் பார்த்துக் கைவிட்டார்கள். முட்டாள் பொறியாளர் என்ற கதையைச் சொல்லிச் சிரிக்கலாம், சுவாரசியம் குறைந்த உண்மையில் சிரிக்க எதுவும் இல்லை. அதனால்தான் கதை பிழைத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை போனால் கால்வாய்க்குள் இறங்கி நடந்து பாருங்கள். கோடையில் அடிவரை காய்ந்து கிடக்கும். படகை ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய தொட்டி ஒன்றின் நடுவில் நின்றால் இருபுறமும் சுவர் தலைக்கு மேலே உயரும். கற்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் சதுரம் பிசகாமல் செதுக்கியது. இரண்டு கல்லுக்கு நடுவே விரல் நகம் நுழையாது. மதகுக் கதவு இல்லை, காலடியில் புல். பஞ்சகால வேலையென்றால் ஏனோதானோ என்று இருக்கும் என நினைத்துப் போயிருந்தேன். சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. ஒரு வேளைக் கஞ்சிக்கு வந்த கை இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருக்கிறது.

கால்வாயின் அடியில் மறையும் தண்ணீரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் புறாக்குழி என்று பெயர்கொண்ட குகைக்குப் போக வேண்டும். ஊருக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கிறது. தரையில் ஒரு பெரிய ஓட்டை. பாசி பிடித்த கற்படிகள் அறுபதுக்கு மேல் கீழே இறங்கும். அடியில் இருட்டுக்குள் ஆறு நகர்கிறது. இந்த ஆற்றில் ஒரு வெள்ளை ட்ரவுட் மீன் இருந்ததாக ஒரு கதை உண்டு. காதலன் கொலையுண்ட துக்கத்தில் மறைந்த இளம்பெண் ஒருத்தியே அந்த மீன் என்று ஊரார் நம்பினார்கள். யாரும் அதைத் தொடுவதில்லை. வெளியூர்ச் சிப்பாய் ஒருவன், ‘மீன் என்றால் மீன்தான்’ என்று பிடித்து வறுக்கப் போட்டானாம். எவ்வளவு நேரம் போட்டும் ஒரு பக்கம்கூடச் சிவக்கவில்லை. கத்தியால் குத்தியதும் ஓர் அலறல். சட்டியிலிருந்து மீன் துள்ளி விழ, அந்த இடத்தில் கையில் ரத்தம் வழிய ஒரு பெண். ‘என் ஆள் வந்துவிடுவார், நான் அங்கே இருக்க வேண்டும், கொண்டுபோய் விடு’ என்றாளாம். நடுங்கிப்போய்க் கொண்டுபோய் விட்டான். இன்னொரு குழிக்கு இதற்கு நேர்மாறான கதை: வெப் என்ற கேப்டன் பெண்களை ஒவ்வொருவராக அதற்குள் தள்ளிக் கொன்றானாம், கடைசியில் வந்தவள் அவனையே தள்ளிவிட்டாளாம். தரையில் இத்தனை ஓட்டை இருக்கும் ஊரில் குழந்தைகளை ஓரம் போகாமல் தடுக்க இப்படிக் கதைகள் வேண்டியிருந்திருக்கும்.

மடத்துக்கு வருவோம். 7-ஆம் நூற்றாண்டில் ஃபெக்கின் என்ற துறவி இங்கே மடம் அமைத்ததாக மரபு. இன்று நீங்கள் பார்க்கும் இடிபாடு அதைவிடப் பிந்தியது. 12-ஆம் நூற்றாண்டில் மேற்கு அயர்லாந்தின் கொனாட் நாட்டு மன்னர் துர்லோ ஓ’கானர் அகஸ்டீனியத் துறவிகளுக்காகப் புதுப்பித்து, அதன் பிறகும் எரிந்து, மீண்டும் கட்டியது. துர்லோவின் மகன் ரோரி ஓ’கானர் 1166-இல் அயர்லாந்தின் பேரரசர் ஆனார். அவருக்குப் பின் அந்தப் பட்டத்தை யாரும் உண்மையான அதிகாரத்தோடு தாங்கவில்லை. அவர் காலத்தில்தான், 1169-இல், நார்மன்கள் வந்து இறங்கினார்கள். 1175-இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியோடு ஒப்பந்தம் செய்து நாட்டில் பாதியையாவது காப்பாற்றப் பார்த்தார். பிறகு சொந்த மகன்களோடே சண்டை. 1183-இல் அரசை விட்டு விலகினார். நடுவில் ஆசை விடாமல் மீண்டும் பிடிக்க முயன்றும் பார்த்தார், முடியவில்லை. 1198-இல் காங் மடத்தில் இறந்தார். கிழக்குப் பக்கச் சுற்று நடைபாதையில் நின்றால், ஒரு நாட்டையே ஆண்டவர் கடைசியில் நடந்து திரிந்த தூரம் எவ்வளவு என்று காலால் அளந்துவிடலாம்.

அந்த மடத்தில் எனக்குப் பிடித்த கட்டடம் அரசர் சம்பந்தப்பட்டது அல்ல. ஆற்றுக்குள் ஒரு மேடை கட்டி, அதன்மேல் அறை அளவுக்கு ஒரு சின்னக் கல்வீடு. துறவிகளின் மீன்பிடி வீடு. தரையில் நடுவாக ஓர் ஓட்டை. அதன் வழியே வலையை ஆற்றுக்குள் விடுவார்கள். மூலையில் கணப்பு இருக்கிறது. மழையில் நனையாமல், குளிர் காய்ந்துகொண்டு, உட்கார்ந்த இடத்தில் சால்மன் பிடிப்பது! வலையில் மீன் விழுந்தால் மடப்பள்ளியில் மணி அடிக்கும்படி கயிறு கட்டியிருந்தார்கள் என்றும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இறைச்சி விலக்கிய துறவிகளுக்கு இதைவிட வசதியான தவம் வேறென்ன இருக்க முடியும்?

மடத்தின் பெரும் செல்வம் இன்று ஊரில் இல்லை. 1123-இல் இயேசுவின் சிலுவையிலிருந்து எடுத்ததாக நம்பப்பட்ட ஒரு துண்டு அயர்லாந்துக்கு வந்தபோது, அதைப் பொதிந்து வைக்க துர்லோ ஒரு சிலுவை செய்வித்தார். ஓக் மரத்தின்மேல் வெண்கலமும் பொன்முலாமும். நடுவில் ஒரு படிகக் கல், அதன் வழியாகத் துண்டைப் பார்க்கலாம். விளிம்பில் ஓடும் எழுத்துகளில் மன்னரின் பெயரோடு, செய்த கைவினைஞரின் பெயரும் இருக்கிறது. அவருக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்கிறது. 1839-இல் ஜேம்ஸ் மெக்கல்லா என்ற கணிதப் பேராசிரியர் அதைக் காங்கில் விலைக்கு வாங்கி ராயல் ஐரிஷ் அகாடமிக்குக் கொடுத்தார். இப்போது டப்ளின் கில்டேர் வீதித் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

இனி நிலத்தின் கதை. இதைச் சொல்லாமல் காங்கைப் பற்றிப் பேசினால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும். பஞ்சம் குடியானவனை மட்டும் அல்ல, கடனில் மூழ்கிய ஜமீன்களையும் சாய்த்தது. அப்படிக் கைமாறிய ஆஷ்ஃபோர்ட் பண்ணையை 1852-இல் வாங்கியவர் பெஞ்சமின் லீ கின்னஸ். ஆம், அந்தக் கறுப்பு பீர்க் குடும்பம்தான். கால்வாய் வெட்டிக் கொண்டிருந்தபோதே பக்கத்தில் மாளிகை விரியத் தொடங்கியது. இடிந்த மடத்தைச் செப்பனிட்டவரும் அவர்தான். மகன் ஆர்தர், பிற்பாடு ஆர்டிலான் பிரபு, மரங்கள் நட்டு, கோட்டை போல் கட்டடத்தைப் பெருக்கினார். 1939-இல் அது ஓட்டல் ஆனது.

குத்தகைக்காரர்களின் பக்கம் வேறு. ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில், மாஸ்க் ஏரிக் கரையில், நிலக்கிழார் எர்ன் பிரபுவின் பண்ணையைக் கவனித்துக் குத்தகை வசூலிக்கும் முகவராக ஒருவர் இருந்தார். பெயர் சார்லஸ் பாய்காட். 1880-இல் விளைச்சல் கெட்டு, குத்தகையில் கால்வாசி குறையுங்கள் என்று குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. ஊர் ஒன்று கூடியது. அடிக்கவில்லை, சுடவில்லை. வேலையாட்கள் வயலை விட்டு நடந்தார்கள், கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், துணி வெளுப்பவர் நின்றுவிட்டார், தபால் கொண்டுபோன பையனும் நின்றுவிட்டான். அறுவடைக்காக வடக்கிலிருந்து 50 ஆட்களை வரவழைத்தார்கள். அவர்களைக் காக்க ஆயிரம் படைவீரர்களும் போலீசாரும். 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலை எடுக்க ஏறத்தாழ 10,000 பவுன் செலவு. ஆண்டு முடிவதற்குள் பாய்காட் ஊரை விட்டுப் போய்விட்டார். இதற்கு என்ன பெயர் சொல்வது என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் தடுமாற, பக்கத்து ஊர்ப் பாதிரியார் ஜான் ஓ’மாலி அந்த மனிதரின் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கொடுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. நம் தமிழ்ப் பத்திரிகைகள் ‘பாய்காட்’ என்று எழுதும்போதெல்லாம் இந்த ஏரிக்கரைத் தகராறைத்தான் உச்சரிக்கின்றன.

எல்லாமே இவ்வளவு நாசூக்காக முடியவில்லை. 1882 ஜனவரியில் ஆர்டிலான் பிரபுவின் நோட்டீசோடு போன ஹடி என்ற முதியவரும் அவருடைய பேரனும் கொலையானார்கள். கல் கட்டிய சாக்கில் உடல்கள் மாஸ்க் ஏரியிலிருந்து வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏரியின் மேற்குக் கரையில் மாம்ட்ராஸ்னாவில் ஜாய்ஸ் குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அதற்காகத் தூக்கிலிடப்பட்ட மூவரில் மைல்ஸ் ஜாய்சுக்கு ஐரிஷ் தவிர வேறு மொழி தெரியாது. விசாரணை நடந்தது ஆங்கிலத்தில். அவர் நிரபராதி என்று 2018-இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். 136 வருடம் கழித்து.

ஆஸ்கர் வைல்டின் தந்தை வில்லியம் வைல்ட் 1865-இல் இங்கே காரிப் கரையில் வீடு கட்டினார். டப்ளினில் பெரிய கண் மருத்துவர்; ஆனால் மனம் முழுவதும் பழங்கற்களில். ஊரைச் சுற்றிக் கிடக்கும் கல்வட்டங்களும் கற்குவியல்களும் ஐரிஷ் புராணத்தில் வரும் மொய்டுரா போரின் நினைவுச் சின்னங்கள் என்று வாதிட்டார். வெள்ளிக் கை பொருத்திக்கொண்ட நுவாடா மன்னனின் போர். கற்கள் பல வெண்கலக் காலத்தவை, போர் நடந்ததற்குச் சான்று இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குவியலையும் கால் வலிக்க நடந்து பதிவு செய்த அவருடைய உழைப்பு வீண் போகவில்லை. அவர் பார்த்ததில் சில இன்று நிலத்தில் இல்லை.

சினிமாவைப் பற்றி ஒரு பத்தி போதும். ‘தி கொயட் மேன்’ 1951 கோடையில் இங்கே எடுக்கப்பட்டது. இயக்கிய ஜான் ஃபோர்டின் பெற்றோர் கால்வே பக்கத்துக்காரர்கள். படத்தில் மதுக்கடையாக வருவது அப்போது மளிகைக்கடை. படத்தைப் பார்த்து வந்தவர்கள் பீர் கேட்டுக் கேட்டு, பல பத்தாண்டுகள் கழித்து உண்மையிலேயே மதுக்கடை ஆகிவிட்டது. ஊருக்கு மின்சாரம் வந்ததும் அந்தப் படப்பிடிப்புச் சமயத்தில்தான் என்பார்கள். ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு இன்னும் அந்த ஒரு கோடையில் ஓடுகிறது, குறை சொல்ல மாட்டேன்.

மறுபடி வருவதாக இருந்தால் ஒரு மணி நேரம் போதாது, ஒரு நாள் ஒதுக்குங்கள். புறாக்குழிக்கு டார்ச்சும் வழுக்காத செருப்பும் வேண்டும். மே மாதம் என்றால் ஏரியில் மேஃப்ளை பூச்சி கிளம்பும் காலம்; பையன்கள் புதர்களிலிருந்து பூச்சி பிடித்துத் தூண்டில்காரர்களுக்கு விற்பது இங்கே பழைய கைச்செலவுக் காசு. படகு கிடைத்தால் காரிப்பில் இன்ச்சகோயில் தீவுக்குப் போங்கள். (கோயில் என்று படித்து ஏமாற வேண்டாம், ‘அந்நியனின் தீவு’ என்று பொருள்.) அங்கே முழங்கால் உயரத்தைச் சற்றுத் தாண்டிய ஒரு கல்லில், ‘மெனுவேயின் மகன் லுகுவேதோனின் கல்’ என்று பழைய ஐரிஷில், லத்தீன் எழுத்தில் வெட்டியிருக்கிறது. 1,400 ஆண்டுகளாவது இருக்கும்.

குளிர்காலத்தில் வந்தால் இன்னொன்று. சுற்றுவட்டாரத்தில் சில பள்ளங்கள் கோடையில் ஆடு மேயும் புல்வெளி, மழைக்காலத்தில் கீழிருந்து தண்ணீர் ஏறி ஏரி. இவற்றுக்கு துர்லாக் என்று பெயர். வயல் நடுவே போகும் கல்சுவரில் ஓர் உயரம் வரை கறுப்புப் பாசி படிந்திருக்கும், அதற்கு மேல் கல் வெளுத்திருக்கும். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதற்கு அந்தக் கோடுதான் அளவு. உங்கள் கால்வாயும் அப்படித்தான். நீங்கள் பார்த்தது கோடைக் கால்வாய். ஜனவரியில் நல்ல மழைக்குப் பிறகு நான் பாலத்தின்மேல் நின்று பார்த்தபோது, நான் இறங்கி நடந்த அந்தத் தொட்டிக்குள் மாஸ்க் ஏரித் தண்ணீர் பழுப்பு நிறத்தில் சுவரை உரசிக்கொண்டு தெற்கே ஓடிக்கொண்டிருந்தது.